ஒரே மெஷின், ரெண்டு கணக்கு: வீடியோ போக்கர் டோர்னமென்ட்டில் வழக்கமான ஆட்டம் ஏன் எடுபடுவதில்லை?

ஒரே சூட்டில் 9, 10, ஜாக், குயின், கிங். வீடியோ போக்கர் திரையில் இந்த ஐந்து சீட்டும் வரிசையாக வந்தால் அதற்குப் பெயர் ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். சுமார் 9,000 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் இது கிடைக்கும். ஐந்து காயின் கட்டியிருந்தால் 250 கிரெடிட் உறுதி. லாஸ் வேகாஸில் வழக்கமாக ஆடும் யாராக இருந்தாலும் ஐந்தையும் அப்படியே வைத்துக்கொள்வார். அதுதான் சரியும்கூட.

ஆனால் இதே சீட்டு, இதே மெஷினில், ஒரு டோர்னமென்ட்டின் கடைசி ஆட்டத்தில் வந்தால் அந்த 9-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு ஏஸ் வருமா என்று பார்ப்பது சரியான முடிவாக இருக்கலாம். ஏஸ் வர வாய்ப்பு 47-ல் 1 மட்டுமே. அதாவது வெறும் 2 சதவிகிதம். கையில் இருக்கிற 250-ஐ விட்டுவிட்டு 2 சதவிகித வாய்ப்பைத் துரத்துவதா? பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அதில் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு புரிந்தால், டோர்னமென்ட்டில் ஜெயிக்க வைக்கும் பழக்கம் ஏன் சாதாரண மெஷினில் பர்ஸைக் காலி செய்கிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

முதல்ல, வீடியோ போக்கர்னா என்ன?

பெயரில் போக்கர் இருந்தாலும் எதிரில் யாரும் உட்கார்ந்து ஆடுவதில்லை. ஆடுபவர், மெஷின் அவ்வளவுதான். மெஷின் ஐந்து சீட்டு தரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளலாம். தள்ளிய இடத்துக்குப் புதுச் சீட்டு வரும். கடைசியில் கையில் என்ன இருக்கிறதோ, அதற்கேற்ற தொகை கிடைக்கும். முகத்தைப் பார்த்து பொய்யா நிஜமா என்று கண்டுபிடிக்கும் வேலை எல்லாம் இங்கே கிடையாது.

1970-களின் முற்பாதியில் இப்படிப்பட்ட மெஷின்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினாலும், 1979-ல் சை ரெட் என்பவரின் நிறுவனம் கொண்டுவந்த 'டிரா போக்கர்' மெஷின்தான் நெவாடா கேசினோக்களில் இதைப் பரவலாக்கியது. அந்த நிறுவனம்தான் பிறகு ஐ.ஜி.டி. என்ற பெயரில் உலகின் பெரிய கேசினோ மெஷின் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது.

ஸ்லாட் மெஷினுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்லாட்டில் உள்ளே என்ன நடக்கிறது, எத்தனை சதவிகிதம் திருப்பித் தருகிறது என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நெவாடா விதிகளின்படி, மெஷின் திரையில் சீட்டுக்கட்டு காட்டப்பட்டால், ஒவ்வொரு சீட்டும் வர நிஜச் சீட்டுக்கட்டில் உள்ள அதே வாய்ப்புதான் இருக்க வேண்டும். 52 சீட்டு, கலைத்த கட்டு. அதனால் திரையில் எழுதியிருக்கும் பரிசுப் பட்டியலை மட்டும் வைத்தே, இந்த மெஷின் நீண்ட நாளில் எவ்வளவு திருப்பித் தரும் என்று பேப்பரில் கணக்குப் போட்டுவிடலாம்.

பே டேபிள்தான் ஜாதகம்

'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' என்பதுதான் அடிப்படையான வகை. ஒரு ஜோடி ஜாக் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பணம். ஆட்டக்காரர்கள் '9/6' என்று சொல்லும் நல்ல மெஷினில், ஒரு காயினுக்குக் கிடைப்பது இதுதான்:

ஜாக் அல்லது அதற்கு மேல் ஒரு ஜோடி – 1
இரண்டு ஜோடி – 2
ஒரே எண் மூன்று – 3
ஸ்ட்ரெயிட், அதாவது வரிசையாக ஐந்து – 4
ஃப்ளஷ், அதாவது ஒரே சூட்டில் ஐந்து – 6
ஃபுல் ஹவுஸ், அதாவது மூன்றும் இரண்டும் – 9
குவாட்ஸ், அதாவது ஒரே எண் நான்கு – 25
ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் – 50
ராயல் ஃப்ளஷ், அதாவது ஒரே சூட்டில் 10 முதல் ஏஸ் வரை – 800

கடைசி வரியில் ஒரு கண்டிஷன் உண்டு. ஐந்து காயின் கட்டினால்தான் ராயலுக்கு 800 மடங்கு. குறைவாகக் கட்டினால் 250 மடங்குதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் ஐந்து காயின் கட்டுகிறார்கள். ஐந்து காயினுக்கு ராயல் கொடுப்பது 4,000 கிரெடிட்.

ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷுக்கு 6 என்பதால்தான் '9/6' என்று பெயர். தப்பே செய்யாமல் ஆடினால் இந்த மெஷின் 99.54 சதவிகிதம் திருப்பித் தரும். அதே மெஷின், அதே திரை, ஆனால் ஃபுல் ஹவுஸுக்கு 8, ஃப்ளஷுக்கு 5 என்று இரண்டே இரண்டு எண்ணை மாற்றினால் 97.30. '6/5' ஆக்கினால் 95 சதவிகிதம்தான்.

சின்ன வித்தியாசம் மாதிரி தெரியுதா? காசாகப் பார்ப்போம். 25 சென்ட் மெஷினில் ஐந்து காயின் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 1.25 டாலர். வேகமாக ஆடுபவர் ஒரு மணி நேரத்தில் 800 ஆட்டம் ஆடினால், அவர் கட்டும் மொத்தத் தொகை 1,000 டாலர். 9/6 மெஷினில் சராசரி நஷ்டம் 4.60 டாலர். 8/5-ல் 27 டாலர். 6/5-ல் 50 டாலர். ஒரே நாற்காலி, ஒரே ஒரு மணி நேரம். ஆனால் நஷ்டம் பத்து மடங்குக்கும் மேல்.

'தி ஃப்ரூகல் கேம்ப்ளர்' புத்தகம் எழுதிய ஜீன் ஸ்காட், 'மில்லியன் டாலர் வீடியோ போக்கர்' எழுதிய பாப் டான்சர் போன்றவர்கள் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். உட்காருவதற்கு முன் பே டேபிளைப் படி. அப்புறம் சராசரியாக எது அதிகம் தருமோ அதையே ஒவ்வொரு முறையும் செய். அவசரப்படாதே.

வழக்கமான ஆட்டத்தின் மொத்தத் தத்துவமும் இந்த 'சராசரி' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும். கிங், குயின், ஜாக், 10, 9 உதாரணத்துக்கே வருவோம். 9-ஐத் தள்ளிவிட்டு ஒரு சீட்டு எடுத்தால் ராயல், ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட், ஜோடி என எல்லா வாய்ப்பையும் கூட்டிப் பார்த்தால் சராசரியாகக் கிடைப்பது சுமார் 93 கிரெடிட். வைத்துக்கொண்டால் 250. ஆகவே வைத்துக்கொள்ள வேண்டும். இதில் விவாதமே இல்லை.

அப்போ டோர்னமென்ட்டில் என்ன மாறுது?

மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, கட்டுவது சொந்தக் காசு அல்ல. நுழைவுக் கட்டணம் செலுத்தியோ, கேசினோவின் அழைப்பிலோ உள்ளே வந்தவருக்கு, டோர்னமென்ட் மெஷினில் கிரெடிட் ஏற்கனவே ஏற்றப்பட்டிருக்கும். பொதுவான வடிவத்தில், கட்டியது கழிக்கப்படாது. ஜெயித்தது மட்டும் புள்ளியாக ஏறிக்கொண்டே போகும். ஸ்கோர் குறையவே குறையாது.

இரண்டாவது, நேரம் அல்லது ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இத்தனை நிமிடம் என்றால் கடிகாரம் நின்றதும் மெஷினும் நின்றுவிடும். ஆடாமல் மிச்சம் வைத்த ஆட்டத்துக்கு மதிப்பு பூஜ்ஜியம்.

மூன்றாவதுதான் முக்கியம். பரிசு, எடுத்த புள்ளிக்கு இல்லை, பிடித்த இடத்துக்கு. 1,500 புள்ளி எடுத்தால் 1,500 டாலர் என்றெல்லாம் கிடையாது. முதல் பத்துப் பேருக்குப் பரிசு என்றால், பதினொன்றாவது இடமும் நூறாவது இடமும் ஒன்றுதான். இரண்டு பேரும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். டெஸ்ட் மேட்ச்சின் இரண்டாம் நாள் காலையில் ஒரு சிங்கிள் என்பது நல்ல ரன். டி20 மேட்ச்சின் கடைசிப் பந்தில் ஆறு ரன் தேவைப்படும்போது அதே சிங்கிளால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அங்கே பந்தைத் தூக்கி அடித்து அவுட் ஆனவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சிங்கிள் தட்டியவரைத்தான் கேள்வி கேட்பார்கள். வழக்கமான வீடியோ போக்கர் டெஸ்ட் மேட்ச் என்றால், டோர்னமென்ட் டி20 சேஸிங்.

வேகம்: இங்கே நண்பன், அங்கே எதிரி

நேரக் கணக்கு வைத்து நடக்கும் டோர்னமென்ட்டில் முதலில் கவனிக்க வேண்டியது விரல்களின் வேகம். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

20 நிமிட டோர்னமென்ட். டோர்னமென்ட் மெஷின்களின் பே டேபிள் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், புரிதலுக்காக 9/6 என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒவ்வொரு கையையும் யோசித்து, துளி தப்பில்லாமல் 300 ஆட்டம் ஆடுகிறார். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து கிரெடிட், திரும்பி வருவது 99.54 சதவிகிதம் என்றால், அவருடைய சராசரி ஸ்கோர் சுமார் 1,493.

பக்கத்து மெஷினில் இருப்பவர் அவ்வளவு யோசிக்கவில்லை. மனப்பாடமாக வைத்திருக்கும் எளிய விதிகளோடு தடதடவென ஆடுகிறார். அங்கங்கே தப்பு செய்வதால் அவருக்குத் திரும்புவது 98.5 சதவிகிதம்தான். ஆனால் அதே 20 நிமிடத்தில் 330 ஆட்டம் முடிக்கிறார். அவருடைய சராசரி ஸ்கோர் சுமார் 1,625.

தப்பு செய்தவர் சுமார் 130 புள்ளி முன்னால் இருக்கிறார். ஒரு குவாட்ஸ் விழுந்தால் கிடைப்பதே 125 புள்ளிதான். அதாவது, வேகமாக ஆடியவருக்கு ஒரு குவாட்ஸ் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

காரணம் எளிது. சொந்தக் காசில் ஆடும்போது ஒவ்வொரு ஆட்டமும் சராசரியாக ஒரு சிறு நஷ்டம். டோர்னமென்ட்டில் கட்டுவது கழிக்கப்படாததால் ஒவ்வொரு ஆட்டமும் சராசரியாக ஐந்து புள்ளி லாபம். எனவே ஆட்டத்துக்கு ஆட்டம் கிடைக்கும் அரை சதவிகிதத் துல்லியத்தைவிட, இன்னொரு ஆட்டம் ஆடுவது பெரிசு.

அதனால்தான் அனுபவசாலிகள் டோர்னமென்ட்டில் சில பழக்கங்களை வைத்திருக்கிறார்கள். ஜெயித்ததும் நின்று ரசிப்பதில்லை. புள்ளி ஒவ்வொன்றாக ஏறும் அனிமேஷன் ஓடினால், அதை பட்டனைத் தட்டித் தாண்ட முடியுமா என்று பயிற்சிச் சுற்றிலேயே பார்த்துவிடுகிறார்கள். ஐந்து சீட்டுக்கும் ஐந்து பட்டன் இருக்கும் மெஷினில், ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு பட்டன் மேல் வைத்துப் பழகுகிறார்கள். இரண்டு தேர்வுகளும் ஏறத்தாழ சமம் என்றால் யோசிப்பதே இல்லை; ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நேரத்துக்குப் பதிலாக 'இத்தனை ஆட்டம்' என்று வரம்பு வைத்து நடக்கும் டோர்னமென்ட்டும் உண்டு. அங்கே வேகத்தால் பைசா பிரயோஜனம் இல்லை. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கைதான் என்பதால் நிதானமாக, சரியாக ஆடுவதே லாபம். எனவே விதிமுறைத் தாளைப் படிக்காமல் உட்காருபவர் ஆட்டம் தொடங்கும் முன்பே பின்தங்கிவிடுகிறார்.

ராயல் எனக்கு விழாது. ஆனா யாருக்காவது விழும்

சரியாக ஆடினால் ராயல் ஃப்ளஷ் சுமார் 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். 300 ஆட்டம் ஆடும் ஒருவருக்கு அது விழ வாய்ப்பு முக்கால் சதவிகிதம்தான். மறந்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் மொத்த ஹாலையும் சேர்த்துப் பாருங்கள். 100 பேர், தலா 300 ஆட்டம், மொத்தம் 30,000 ஆட்டம். அந்த 100 பேரில் ஒருவருக்காவது ராயல் விழ வாய்ப்பு 52 சதவிகிதம். பாதிக்கும் மேல். ஒரு ராயலின் மதிப்பு 4,000 புள்ளி. சாதாரண ஸ்கோர் 1,500-ஐ ஒட்டி. ராயல் விழுந்தவரை மற்றவர்கள் எட்டிப் பிடிக்கவே முடியாது, அவர்களுக்கும் ராயல் விழுந்தால் ஒழிய.

20 பேர் மட்டும் ஆடும் சின்ன டோர்னமென்ட் என்றால் அதே வாய்ப்பு 14 சதவிகிதமாகக் குறைகிறது. அங்கே பெரும்பாலும் ராயல் இல்லாமலே வெற்றி தீர்மானமாகிவிடும்.

ராயல் விழாத ஹாலில் யார் ஜெயிப்பார்கள்? குவாட்ஸ் சராசரியாக 423 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். 300 ஆட்டத்தில் பாதிப் பேருக்கு ஒன்றுகூட விழாது. ஆனால் 100 பேரில் மூன்று நான்கு பேருக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ விழும். அவர்களுடைய ஸ்கோர் 1,750-ஐ ஒட்டியோ தாண்டியோ போகும். பட்டியலின் உச்சியில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேருக்குப் பரிசு என்ற இரண்டு எண்களை வைத்துத்தான் எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்பதை முடிவு செய்ய முடியும். பரிசில் பெரும்பகுதி முதல் இடத்துக்கே என்றால் துணிய வேண்டும். பாதிப் பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள் என்றால் சாதாரணமாக ஆடினாலே போதும்.

கடைசி நிமிடம்: எவ்வளவு வேணும்?

டோர்னமென்ட் உத்தியின் உண்மையான வித்தியாசம் கடைசிச் சில ஆட்டங்களில்தான் தெரியும். ஸ்கோர்போர்டு கண்ணுக்குத் தெரிந்தாலோ, முந்தைய சுற்றில் ஆடியவர்களின் ஸ்கோர் ஒட்டப்பட்டிருந்தாலோ, ஆடுபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பரிசு இடத்துக்கு இன்னும் எவ்வளவு வேணும்? அதைத் தரக்கூடிய கையை மட்டும் தேட வேண்டும். அதைவிடக் குறைவாகத் தரும் எதுவும் கணக்கில் சேராது.

சில உதாரணங்கள், எல்லாமே கடைசி ஆட்டம் என்று வைத்துக்கொண்டு:

இரண்டு ஜோடி கையில், 100 புள்ளி வேணும்: வழக்கமான ஆட்டத்தில் இரண்டு ஜோடியையும் வைத்து ஒரு சீட்டு எடுப்பார்கள். ஃபுல் ஹவுஸ் ஆக 8.5 சதவிகித வாய்ப்பு. ஆனால் ஃபுல் ஹவுஸ் தருவது 45 புள்ளிதான், 100 வராது. ஒரு ஜோடியை உடைத்து, மற்ற ஜோடியை மட்டும் வைத்து மூன்று சீட்டு எடுத்தால் குவாட்ஸ் விழ 360-ல் 1 வாய்ப்பு. மிகச் சின்ன வாய்ப்புதான். ஆனால் பூஜ்ஜியத்தைவிடப் பெரிது.

ஃபுல் ஹவுஸ் கையில், 100 புள்ளி வேணும்: மூன்று ஏஸ், இரண்டு கிங். தானாக வந்த ஃபுல் ஹவுஸை உடைக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் இந்த இடத்தில் கிங் இரண்டையும் தள்ளினால் நான்காவது ஏஸ் வர 4.3 சதவிகித வாய்ப்பு இருக்கிறது. வைத்துக்கொண்டால் 45 புள்ளியோடு தோல்வி நிச்சயம்.

ஜாக் ஜோடியும் ராயலுக்கு மூன்று சீட்டும்: இஸ்பேட் கிங், குயின், ஜாக், கூடவே ஆட்டின் ஜாக், டைமண்ட் 4. வழக்கமாக ஜாக் ஜோடியை வைத்துக்கொள்வதே சரி. 100 புள்ளி போதுமென்றால் டோர்னமென்ட்டிலும் ஜோடிதான். அதிலிருந்து குவாட்ஸ் வர 360-ல் 1 வாய்ப்பு. ஆனால் 2,000 புள்ளி பின்னால் இருந்தால் ஜோடியால் வேலைக்கு ஆகாது. மூன்று இஸ்பேட்டையும் வைத்து இரண்டு எடுத்தால் ராயலுக்கு 1,081-ல் 1 வாய்ப்பு. ஒரே கை, தேவையைப் பொறுத்து இரண்டு விடை.

ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் கையில், 2,000 புள்ளி வேணும்: 9-ஐத் தள்ளும் முடிவின் காரணம் இதுதான். 250 புள்ளியைக் கூட்டினாலும் பரிசு இடம் வராது. 93-ஆ 250-ஆ என்ற சராசரிக் கணக்கு இங்கே செல்லாது. பரிசு வர வாய்ப்பு பூஜ்ஜியமா, 2 சதவிகிதமா என்பது மட்டும்தான் கேள்வி. அதே ஆட்டக்காரர் 200 புள்ளி மட்டுமே பின்னால் இருந்தால், ஐந்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நிமிஷத்துலேயே ராயலைத் துரத்தலாமா?

கூடாது. ராயலைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் ஆடினாலும், அது சுமார் 23,000 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். 300 ஆட்டத்தில் 1.3 சதவிகித வாய்ப்பு. முக்கால் சதவிகிதம் 1.3 ஆனது, ஆனால் மீதி 98.7 சதவிகிதத்தில் ஸ்கோர் படுபாதாளம். குவாட்ஸ் வழியாகப் பரிசு இடத்துக்குப் போகும் பாதையையே அடைத்துவிட்டு ராயலை மட்டும் நம்புவது நஷ்ட வியாபாரம்.

எனவே தொடக்கத்தில் வழக்கமான ஆட்டத்தைப் போலவே, ஆனால் வேகமாக. பரிசு முதல் இடத்தில் குவிந்திருந்தால், ஏறத்தாழ சமமான தேர்வுகளில் பெரிய கையின் பக்கம் கொஞ்சம் சாயலாம். மேலே சொன்ன ஜாக் ஜோடி உதாரணத்தில், ஜோடியை விட்டு மூன்று இஸ்பேட்டைப் பிடிப்பதால் சராசரி இழப்பு ஒரு புள்ளிக்கும் குறைவுதான். பெரிய ரிஸ்க்குகளுக்கு, எவ்வளவு தேவை என்று தெரிந்த பிறகு கடைசியில் நேரம் இருக்கிறது.

முன்னணியில் இருப்பவர் 'பாதுகாப்பாக' ஆட வேண்டுமா? கட்டுவது கழிக்கப்படாத வடிவத்தில் ஸ்கோர் குறையவே முடியாது. காப்பாற்ற எதுவும் இல்லை. அவர் செய்ய வேண்டியது, சராசரி அதிகம் தரும் ஆட்டத்தை வேகம் குறையாமல் தொடர்வது மட்டும்தான்.

நுழைவுக் கட்டணம்தான் இங்கே பே டேபிள்

வழக்கமான ஆட்டத்தில் உட்காரும் முன் பே டேபிளைப் படிக்க வேண்டும் என்றால், டோர்னமென்ட்டில் படிக்க வேண்டியது பரிசுப் பட்டியலை. கணக்கு எளிது: மொத்தப் பரிசை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, கட்டணத்தோடு ஒப்பிடுவது.

உதாரணமாக, ஆளுக்கு 100 டாலர், 100 பேர், மொத்தப் பரிசு 10,000 டாலர் என்றால் கேசினோ எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆடுபவர்களுக்குள் பணம் கைமாறுகிறது, அவ்வளவுதான். மொத்தப் பரிசு 8,000 என்றால் 20 சதவிகிதம் முதலிலேயே போய்விட்டது. 9/6 மெஷினின் நஷ்டம் அரை சதவிகிதத்துக்கும் குறைவு என்பதோடு இதை ஒப்பிட்டால் எவ்வளவு பெரிய வெட்டு என்று தெரியும். 'முதல் பரிசு 5,000 டாலர்' என்று பேனரில் கொட்டை எழுத்தில் இருப்பது இந்தக் கணக்கைச் சொல்லாது.

கட்டணமே இல்லாமல், வழக்கமாக வரும் வாடிக்கையாளர்களை கேசினோவே அழைத்து நடத்தும் டோர்னமென்ட்டும் உண்டு. ஆடுபவருக்கு இது நேரடி லாபம். அப்படியென்றால் கேசினோவுக்கு?

கேசினோ ஏன் இதை நடத்துது?

டோர்னமென்ட் சுற்று சில நிமிடங்கள்தான். வந்தவர் மீதி நேரத்தை அதே கட்டடத்தில்தான் கழிப்பார். சுற்று முடிந்து, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போது சுற்றிலும் இருப்பது நிஜக் காசு மெஷின்கள். இப்போது பிரச்சினை ஆரம்பமாகிறது: டோர்னமென்ட்டில் பழகிய ஒவ்வொன்றும் அங்கே தலைகீழ்.

டோர்னமென்ட்டில் வேகம் புள்ளி. வெளியே வேகம் செலவு. மணிக்கு 400 ஆட்டம் ஆடுபவர் 800 ஆடினால் அவருடைய சராசரி நஷ்டமும் இரண்டு மடங்கு. டோர்னமென்ட்டில் யோசிக்காமல் அழுத்துவது லாபம். வெளியே ஒவ்வொரு தப்புக்கும் சொந்தக் காசு. டோர்னமென்ட்டில் பின்தங்கியவர் ரிஸ்க்கை ஏற்றுவது சரி. வெளியே 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று ரிஸ்க்கை ஏற்றினால் கடிகாரம் வந்து நிறுத்தாது. ஏடிஎம் காலியாகும்போதுதான் நிற்கும்.

இந்த வேகம் வெறும் காசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. மானுடவியலாளர் நட்டாஷா டோ ஷூல், லாஸ் வேகாஸில் மெஷின் சூதாட்டத்தில் சிக்கியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசி, 2012-ல் 'அடிக்‌ஷன் பை டிசைன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அவர் சந்தித்தவர்களில் வீடியோ போக்கர் ஆடுபவர்களும் உண்டு. ஜெயிப்பதற்காக அல்ல, மெஷினோடு ஒன்றிப்போகும் ஒரு நிலையில் நீடிப்பதற்காகவே ஆடுவதாக அவர்களில் பலர் சொன்னார்கள். நேரமும் பணமும் சுற்றி இருப்பவர்களும் மறந்துபோகும் அந்த நிலையை அவர்கள் 'ஜோன்' என்று அழைத்தார்கள். இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வரும் ஆட்டம் அந்த நிலைக்குக் கொண்டுபோகும் முக்கியமான வழி. டோர்னமென்ட்டில் பாராட்டுப் பெறும் அதே விரல் வேகம், வெளியே ஒருவரை நாற்காலியோடு கட்டிப்போடக்கூடியது.

ஃபோனில் இதே மாதிரி ஆடலாமா என்று தேடுபவர்கள் கவனிக்க: இந்தியாவில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடை செய்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டை அந்தத் தடை பார்ப்பதில்லை. நெவாடா விதிகள் தரும் 'நிஜச் சீட்டுக்கட்டு' உத்தரவாதமும் எங்கிருந்தோ இயங்கும் ஓர் ஆப்புக்குக் கிடையாது.

சுருக்கமாச் சொன்னா

வழக்கமான ஆட்டத்தில் கேள்வி 'சராசரியாக எது அதிகம் தரும்?' என்பது. டோர்னமென்ட்டில் கேள்வி 'பரிசு இடத்துக்குப் போக எது அதிக வாய்ப்புத் தரும்?' என்பது. பெரும்பாலான கைகளுக்கு இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான். விடை பிரியும் அந்தச் சில கைகளில்தான் டோர்னமென்ட் தெரிந்தவர் யார் என்பது தெரியும்.

இது சீட்டாட்டத்துக்கு மட்டும் இல்லை. ரேங்க் போட்டு அப்ரைசல் நடக்கும் ஆபீஸிலும், கட் ஆஃப் வைத்து எடுக்கும் தேர்விலும் இதே கணக்குதான் ஓடுகிறது. பின்தங்கியவருக்குத் துணிச்சல் மலிவு. முன்னால் இருப்பவருக்கு நிதானம் லாபம். ஒரே ஒரு வித்தியாசம், டோர்னமென்ட்டில் தோற்றால் போவது நுழைவுக் கட்டணம் மட்டும்தான். அந்தத் துணிச்சலை அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து மெஷினில் சொந்தக் காசோடு உட்காருபவருக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.